காப்பர்-டி போட்ட பிறகு மாதவிலக்கு ஏன் மாறுகிறது?

“காப்பர்-டியை எடுத்துவிடுங்க டாக்டர்” என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, போட்டு எத்தனை மாதம் ஆகிறது என்பதுதான். பெரும்பாலும் மூன்று, நான்கு மாதம் என்பார்கள். கட்டி கட்டியாகப் போகிறது, நாலு நாளில் நின்றுகொண்டிருந்தது இப்போது ஏழு நாள் இழுக்கிறது. அவர்கள் சொல்வது உண்மைதான். போடும் அன்றே யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது. அதிலிருந்து கசியும் தாமிரம் விந்தணுவை முடக்குகிறது. கூடவே கருப்பையின் உட்சவ்வில் லேசான அழற்சி உண்டாகி, புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கூடுகிறது. வலியும் ரத்தப்போக்கும் அதிகமாவது அதனால்தான். முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை இப்படி இருந்து, பலருக்கு மெல்லத் தணியும். மெஃபனமிக் அமில மாத்திரை வலி, போக்கு இரண்டையும் குறைக்கும். ஆனால் அல்சர், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது ஆகாது; மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்ளோ, சிசேரியனின்போதேயோ உள்ளே வைத்துக்கொண்டவர்கள் கதை கொஞ்சம் வேறு. தாய்ப்பால் கொடுக்கும்போது பலருக்குப் பல மாதம் விலக்கே வராது. அப்புறம் வரும் முதல் ஒன்றிரண்டு விலக்கு, காப்பர்-டி இல்லாவிட்டாலும் தாறுமாறாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் ஒப்பிடுவது கல்யாணமான புதிதில் இருந்த விலக்கோடு. பழி மொத்தமும் காப்பர்-டி மேல் விழுந்துவிடும். டிஸ்சார்ஜ் அட்டையைப் பார்த்த பிறகுதான் தனக்குக் காப்பர்-டி வைத்திருப்பதே தெரிந்தது என்று சொன்ன பெண்களும் உண்டு. சம்மதம் கேட்பதென்றால் வலி எடுத்துத் துடிக்கும் நேரத்தில் கையெழுத்து வாங்குவதல்ல. கர்ப்ப காலப் பரிசோதனைகளின்போதே பேசியிருக்க வேண்டும்.

‘அதிகப் போக்கு’ என்றால் எவ்வளவு? 80 மில்லிக்கு மேல் என்று எழுதி வைத்திருக்கிறோம், அதை வீட்டில் யார் அளப்பது? நான் கேட்பது வேறு. மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறதா? ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பெண் சிரித்துக்கொண்டே, “துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போறதுக்குள்ள ரெண்டு தடவை உட்கார்ந்துடுறேன்” என்றார். ஹீமோகுளோபின் 7-ஐ ஒட்டி இருந்தது. 12 இருக்க வேண்டும். விசாரித்தால், காப்பர்-டி போடுவதற்கு முன்பே அவருக்குப் போக்கு அதிகம். இப்படிப்பட்டவர்களுக்குக் காப்பர்-டி என் முதல் தேர்வாக இருக்காது.

அவர்களுக்கென்றே இருக்கிறது மிரேனா போன்ற ஹார்மோன் சாதனம். பார்க்க அதே ‘டி’ வடிவம், வேலை நேர் எதிர். இதிலிருந்து கசியும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உட்சவ்வை வளரவிடாமல் மெலிதாக்குகிறது. முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக, எந்த நாள் என்று இல்லாமல் படும்; அதுதான் பெரிய எரிச்சல். பிறகு போக்கு நன்றாகக் குறையும். ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு விலக்கே நின்றுவிடும். உடனே மாமியார், “கெட்ட ரத்தமெல்லாம் உள்ளேயே தங்கிடுமே” என்பார். சவ்வு வளர்ந்தால்தானே உதிர்வதற்கு? உள்ளே எதுவும் தேங்குவதில்லை. அதிகப் போக்குக்காகக் கருப்பையையே எடுக்கச் சொல்லப்பட்ட சிலர் இதைப் போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சையைத் தவிர்த்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசியிலும் இதேபோலத் திட்டுத் திட்டாகப் பட்டு, பலருக்கு விலக்கு நின்றுபோகும்.

காப்பர்-டி விஷயத்தில் மட்டும் நாள் தள்ளிப்போவதைச் சாதாரணமாக விடாதீர்கள். அது முட்டை வெளியாவதைத் தடுப்பதில்லை. எனவே விலக்கு மாதாமாதம் வர வேண்டும். வராவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். காப்பர்-டி இருக்கும்போது கரு தங்குவது அபூர்வம். ஆனால் தங்கினால், அது கருக்குழாயில் தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. நாள் தள்ளி, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்து, தலையும் சுற்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நாற்பது வயதுக்கு மேல், பல வருடம் ஒழுங்காக இருந்துவிட்டுத் திடீரென மாறும் போக்கையும் சாதனத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஸ்கேன் பார்க்க வேண்டும்.

மென்சுரல் கப் பயன்படுத்துபவர்கள் அதை அப்படியே பிடித்து இழுக்காதீர்கள். அடிப்பகுதியைக் கிள்ளிக் காற்றை விட்டுவிட்டு எடுங்கள், இல்லையென்றால் காப்பர்-டியும் சேர்ந்து இறங்கிவிடலாம்.

சரி, பொறுத்துப் பார்த்தும் முடியவில்லை, எடுத்தே ஆக வேண்டும் என்றால் யாரும் தடுக்க முடியாது. காப்பர்-டியின் அடியில் தொங்கும் நூல் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. உடனே குழந்தை வேண்டாம் என்பவர்கள் மட்டும், எடுப்பதற்கு முந்தைய ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு, அல்லது ஆணுறையோடு இருந்துவிட்டு வாருங்கள்.