நாற்பது ஆண்டு பழைய வீட்டின் பின்னறை

கடந்த மாதம் நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு வீட்டின் பின்னறையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பழைய சாமான்களைப் போட்டு வைப்பதற்காகக் கட்டப்பட்ட அந்த அறையில், நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் ஏழு மாதங்களாக உறங்கி எழுந்துகொண்டிருந்தது. அறைக்கு இருந்த ஒரே கதவு சமையலறைக்குள் திறந்தது. ஒரே ஜன்னலின் இரும்புக் கம்பிகள் சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அங்கே புகைக்குழாய் இல்லாத கேஸ் கீசர். தலைவலி, குமட்டல் என்று எல்லாரும் மாறி மாறி மருத்துவரிடம் போய் வந்திருக்கிறார்கள். ஒருநாள் அதிகாலையில் பெரியவர்கள் குளித்து முடித்துவிட்டு வந்து பார்த்தபோது, இரண்டு குழந்தைகளையும் எழுப்ப முடியவில்லை. காரணம் கார்பன் மோனாக்சைடு என்று அதன் பிறகுதான் தெரிந்தது. குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள்.

வீட்டின் உரிமையாளர் கெட்டவர் அல்லர். குடும்பத்தை மருத்துவமனைக்குத் தன் வண்டியில் கொண்டுபோனவரே அவர்தான். ஆனால் அறிக்கையை அவர் கையில் கொடுத்தபோது, "சார், இது நாற்பது வருஷத்து வீடு. இந்த விதியெல்லாம் புதிதாகக் கட்டுகிறவர்களுக்குத்தானே?" என்று கேட்டார். பதினெட்டு ஆண்டுகளாகக் கட்டட ஆய்வுப் பணியில் இருக்கிறேன். வேறு எந்தக் கேள்வியையும் இத்தனை முறை நான் கேட்டதில்லை. அதனால் இதற்கு மட்டும் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வீடுகள் தொடர்பாக இரண்டு வகையான விதிகள் உண்டு. மக்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது கட்டுமான விதி. ஒரு கட்டடத்தை எழுப்பும்போது அடித்தளம் எப்படி, சுவர் எவ்வளவு தடிமன், படிக்கட்டு எவ்வளவு அகலம் என்றெல்லாம் கேட்பது அது. வீடு கட்டப்பட்ட நாளில் எந்த விதி நடைமுறையில் இருந்ததோ, பொதுவாக அதுவே அந்த வீட்டைக் கட்டுப்படுத்தும். இரண்டாவது குறைந்தபட்சக் குடியிருப்புத் தரம். அது வீட்டின் வயதைக் கேட்பதில்லை. இன்று இரவு இந்த அறையில் ஒரு மனிதர் படுத்தால் நாளைக் காலை நலமாக எழுந்திருப்பாரா என்பதே அதன் கேள்வி. ஆள் குடியிருக்கும் காலம் வரை, ஒவ்வொரு நாளும், நூறு ஆண்டு பழைய வீட்டுக்கும் நேற்று முடித்த வீட்டுக்கும் அது ஒன்றுபோலவே பொருந்தும்.

பழைய பேருந்தை எண்ணிப் பாருங்கள். இன்றைய பேருந்துகளில் இருக்கிற வசதிகள் அதில் இல்லை என்பதற்காக யாரும் அதைத் தடுப்பதில்லை. ஆனால் பிரேக் பிடிக்காத பேருந்தைப் பழையது என்ற காரணத்துக்காக ஓட விடுவதும் இல்லை. வீட்டுக்கும் இதே கணக்குதான். உங்கள் பாட்டனார் கட்டிய படிக்கட்டு இன்றைய அளவைவிடக் குறுகலாக இருந்தால், அதை இடித்துக் கட்டும்படி நான் சொல்லப்போவதில்லை. அந்தப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி ஆடினால், அதைச் சரி செய்யும் வரை விட்டு விலகப்போவதும் இல்லை. பழைய வீட்டுக்குக் கிடைக்கிற சலுகை, அது கட்டப்பட்ட விதத்துக்கும் அது எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பயன்பாட்டுக்கும் உரியது. பழுதாகிக் கிடக்கும் நிலைக்கு உரியதன்று. பயன்பாட்டை மாற்றினால் அந்தச் சலுகையும் போய்விடும். சாமான் அறையில் கட்டிலைப் போட்ட அன்றே அது நாற்பது ஆண்டு பழைய சாமான் அறை என்ற தகுதியை இழந்து, புதிதாக உருவான ஒரு படுக்கையறை ஆகிவிட்டது. வாகனம் நிறுத்தும் இடம், மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம், நிலவறை, மொட்டை மாடிக் கொட்டகை எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

படுக்கையறை என்று அழைக்க ஓர் இடத்துக்கு என்ன வேண்டும்? நாடுதோறும் எண்கள் சற்று மாறினாலும், அமெரிக்காவில் பல ஊர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் சர்வதேசச் சொத்துப் பராமரிப்பு விதித்தொகுப்பை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் உறங்கும் அறைக்குக் குறைந்தது 70 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 6.5 சதுர மீட்டர் தரைப்பரப்பு வேண்டும். ஒருவருக்கு மேல் உறங்கினால் தலைக்கு 50 சதுர அடி வேண்டும். கூரையின் உயரம் குறைந்தது 7 அடி. வெளிச்சம் வரும் ஜன்னல் பரப்பு, தரைப்பரப்பில் 8 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நான் பார்த்த பின்னறையின் பரப்பு 90 சதுர அடி. அதில் நான்கு பேர். நெரிசல் என்பது வசதிக் குறைவு மட்டும்தான் என்று நினைப்பவர்கள், காசநோயாளி ஒருவர் உள்ள வீட்டில் தொற்று எப்படிப் பரவுகிறது என்று ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த எண்கள் எல்லாவற்றையும்விட நான் முதலில் பார்ப்பது வெளியேறும் வழியைத்தான். அறையின் கதவுப் பக்கம் தீப்பற்றினால் எந்த வழியாக வெளியே வருவீர்கள்? கட்டுமான விதிகள் படுக்கையறைக்கு ஓர் அவசர ஜன்னலைக் கேட்பது இதற்காகவே. திறந்த நிலையில் அதன் அகலம் குறைந்தது 20 அங்குலம், உயரம் 24 அங்குலம், தரையிலிருந்து அடிச்சட்டம் 44 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாக உள்ள அளவு. இரண்டு குறைந்தபட்ச அளவையும் சேர்த்துப் பெருக்கினால்கூட விதி கேட்கும் 5.7 சதுர அடித் திறப்பு வராது. ஆகவே ஏதாவது ஒரு பக்கம் இதைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். வீட்டு வரைபடம் போடுகிறவர்களே இதைத் தவறவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திருட்டுக்குப் பயந்து கம்பி போடுவதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயம் நியாயமானது. உள்ளிருந்து, சாவியோ கருவியோ இல்லாமல், இருட்டில் ஒரு குழந்தையும் திறக்கக்கூடிய தாழ் ஒன்றை அந்தக் கம்பிச் சட்டத்தில் வைத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு நல்ல கொல்லர் அதை அரைநாளில் செய்து கொடுத்துவிடுவார்.

அடுத்து ஈரம். சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தால், பத்தில் ஒன்பது வீடுகளில் அதன்மேல் புதிதாகச் சாயம் அடித்திருப்பார்கள். வாடகைக்கு வருபவர் ஈரத்துணியை உள்ளே காயப்போடுகிறார், ஜன்னலைத் திறப்பதில்லை என்று பழியையும் அவர்மேலேயே போடுவார்கள். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டிலிருந்த பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததால் வந்த கடுமையான சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். பூஞ்சையைப் பற்றிப் பெற்றோர் முறையிட்டும் பயனில்லாமல் போயிருந்தது. சாயம் அடிக்கும் முன் நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் பெரிதாகும் கறை என்றால் கூரையையோ வெளிச்சுவர் விரிசலையோ பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவர் நெடுகிலும் பட்டையாக ஏறி, உப்புப் பூத்திருந்தால், அது நிலத்தின் ஈரம். அறையின் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் மட்டும் படர்ந்தால் காற்றோட்டம் போதவில்லை. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வேலைகள் தேவை. சாயம் எதற்கும் மருந்தாகாது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் விவாதத்துக்கே இடமில்லை. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்சிடி என்ற பாதுகாப்புக் கருவி ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர், சுவருக்குள் ஓடும் வயரையே ஃபியூஸ் ஆக்கிவிடுகிறார். புகை அலாரம் ஒவ்வொரு படுக்கையறையிலும், அதற்கு வெளியிலும், ஒவ்வொரு மாடியிலும் வேண்டும். எரிபொருளில் இயங்கும் எந்தக் கருவி இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் சேர்த்து வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வருகிறது, வெளியே போனால் குறைகிறது என்றால் மாத்திரை தேடாதீர்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் உடனே வெளியேறி, மருத்துவரிடம் இந்த விவரத்தை அப்படியே சொல்லுங்கள். புகைக்குழாய் இல்லாத கீசரைக் குளியலறையில் வைக்காதீர்கள். வைத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

சிறிய ஊர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. பொதுக் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் இல்லாத இடங்களில், கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் ஒரே மனைக்குள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 50 அடி இடைவெளி இருக்க வேண்டும் என்று பல இடங்களின் விதிகள் சொல்கின்றன. மண் மணற்பாங்காக இருந்தாலோ நிலம் கிணற்றின் பக்கம் சரிந்தாலோ அதுவும் போதாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது நீரைக் கோலிஃபார்ம் கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் சோதித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை எண்ணியே அது வகுக்கப்பட்டது. காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறங்க விடாதீர்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த செய்திகளைப் படித்த பிறகும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பதுதான் சிறிய ஊரின் பலம். குடியிருப்புத் தரத்தைப் பொறுத்தவரை அதுவே அதன் பலவீனமும் ஆகிவிடுகிறது. புகார் கொடுத்தால் உரிமையாளரின் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும். வேறு வாடகை வீடும் கிடைக்காது. ஆய்வாளருக்கும் தயக்கம் உண்டு, அதை நான் மறைக்கப்போவதில்லை: வீட்டைப் பூட்டும்படி எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் அன்றிரவு எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு விடை வைத்திராத ஊர் நிர்வாகம், விதியை ஏட்டில் வைத்திருப்பதால் பயனில்லை. ஆகவே ஊர் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இரண்டு பக்கத்துக்கு மிகாமல், எல்லாருக்கும் புரியும் மொழியில், உங்கள் ஊரின் குறைந்தபட்சத் தரத்தை எழுதி ஒட்டுங்கள். உயிருக்கு ஆபத்தான குறைக்கு ஒருநாள், மற்றக் குறைகளுக்கு ஒரு மாதம் என்பதுபோலக் கெடு வையுங்கள். தனியாக ஓர் ஆய்வாளரை வைத்துக்கொள்ள முடியாவிட்டால் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்; அவர் வெளியூர்க்காரராக இருப்பது நல்லதே. பழுது பார்க்கும் நாள்களில் குடும்பம் தங்குவதற்கு ஓர் இடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள். புகார் கொடுத்ததற்காக யாரையும் வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்பதையும் அந்த இரண்டு பக்கத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

வாடகைக்குக் குடியிருப்பவர்கள், குறையை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். தேதியிட்டு எழுதிக் கொடுங்கள். பிரதி ஒன்றையும் புகைப்படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னறைக் குடும்பத்தின் தாய் கீசரைப் பற்றி மூன்று முறை சொல்லியிருக்கிறார். உரிமையாளருக்கு ஒருமுறை சொன்னதுகூட நினைவில் இல்லை. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எழுத்தில் இல்லாத எதுவும் அவசர வேலையாக யாருக்கும் தோன்றுவதில்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களும் இதைத் தங்களுக்கு இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாடகைச் சீட்டைக் கேட்பதில்லை.

அந்த வீட்டில் இப்போது கீசர் வெளிச்சுவருக்கு மாற்றப்பட்டுவிட்டது. குடும்பம் இரண்டு ஜன்னல்கள் உள்ள முன்னறைகளில் உறங்குகிறது. பின்னறையில் மீண்டும் பழைய சாமான்கள். முன்னறை ஜன்னல் ஒன்றில் திறக்கும் கம்பிச் சட்டம் பொருத்தியாயிற்று, இன்னொன்றில் இன்னும் இல்லை. கெடு வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. அன்று நான் நேரில் போய்ப் பெரிய குழந்தையின் கையாலேயே இரண்டு தாழையும் திறக்கச் சொல்லிப் பார்க்கப்போகிறேன்.