சொல் விளக்கம்: ஐயம்

கொழும்புத் தமிழ்ச் சபைகளில் ஒருவர் 'எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்று சொன்னால், 'எனக்கு விசுவாசம் போய்விட்டது' என்றுதான் பலர் காதில் விழுகிறது. இதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

சந்தேகம் வடசொல். 'திஹ்' என்ற வேருக்குப் பூசுதல் என்று பொருள். ஒன்றோடொன்று குழைத்துப் பூசியதில் எது எதுவென்று பிரிக்க முடியாத நிலை. மூலப்பொருளில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் நம் வழக்கில் கணவன் மனைவியைச் சந்தேகப்படுகிறான். செய்தியில் பொலிஸார் தினமும் ஒரு சந்தேகநபரைக் கைது செய்கிறார்கள். அதே சொல்லை ஆண்டவர் பக்கம் திருப்பினால், அவர்மேல் குற்றம் சுமத்துவதுபோல ஆகிவிடுகிறது. கேட்க வந்தவரும் வாயை மூடிக்கொள்கிறார்.

இதற்குத் தமிழ்ச் சொல் ஐயம். தூரத்தில் நிற்பது 'குற்றியோ மகனோ', அதாவது மரக்கட்டையா ஆளா என்று இலக்கண உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். ஐயுற்றவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கட்டையை ஆள் என்றே முடிவுகட்டிவிட்டால் அதற்குப் பெயர் திரிபு. 'ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு' என்கிற குறளிலும் (353) ஐயத்தைத் தாண்டி வருவது தெளிவு. இன்பத்துப்பாலின் முதல் குறளிலோ 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று காதலன் ஐயப்படுகிறான். கண்ணை எடுக்க முடியாமல்தான் அந்த ஐயமே வருகிறது. (ஆத்திசூடியின் 'ஐயமிட்டு உண்' வேறு. அங்கே ஐயம் என்றால் பிச்சை.)

இனி வேதாகமம். மத்தேயு 28:17இல் உயிர்த்த இயேசுவைச் சீஷர்கள் 'பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்'. 1995இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில் 'ஐயுற்றார்கள்'. கிரேக்கத்தில் 'திஸ்தாஸோ', இரண்டு என்ற வேரிலிருந்து வந்த வினை, இருமனமாய் நிற்பது. புதிய ஏற்பாட்டில் இது இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது, தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவிடம். ஐயுற்ற அந்தச் சிலரை இயேசு விலக்கவில்லை. 'நீங்கள் புறப்பட்டுப்போய்' என்ற கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீஷர் தோமாவின் (தோமையார்) விஷயம் வேறு. யோவான் 20:27இல் உள்ள சொல் 'அபிஸ்தோஸ்', நம்பாதவன். அதனால் அங்கே 'ஐயம் தவிர்த்து' என்ற திருவிவிலியத்தைவிட, 'அவிசுவாசியாயிராமல்' என்ற பழைய மொழிபெயர்ப்பே மூலத்துக்கு நெருக்கம். ஆனாலும் நம்ப மறுத்த அந்த மனிதருக்குக்கூட இயேசு காயங்களைக் காட்டினார்.

கத்தோலிக்கத் திருப்பலியில் இந்தப் பகுதி ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வாசிக்கப்படும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. கொழும்புக் கத்தோலிக்கர்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பூசை கண்டார்கள். அன்றைய நற்செய்தி, காயங்களைத் தொட வேண்டும் என்ற தோமையாருடையது. 'ஆண்டவர் அப்போது எங்கே இருந்தார்?' என்று அந்த வாரம் அழுதவர்களை அவிசுவாசிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவரிடமேதான் கேட்டார்கள்.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? எழுத்திலும் மறையுரையிலும் ஐயம், ஐயப்பாடு, ஐயுறு ஆகியவை பொருந்தும். நம்ப மறுப்பதற்கு அவிசுவாசம் அல்லது நம்பிக்கையின்மை. பேச்சில் 'பாதர், எனக்கு ஐயமாக உள்ளது' என்று இங்கே யாரும் சொல்வதில்லை. 'எனக்கு இது விளங்கவில்லை' என்பார்கள். அதுவும் நல்ல தமிழ்தான்.