கிரவுண்ட்ஹாக்: கண்ணுக்கு 10 கிலோ, தராசில் 4 கிலோ

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சோயாபீன்ஸ், அல்ஃபால்ஃபா என்ற தீவனப்பயிர் போடும் விவசாயிகள் கூப்பிட்டால் போய் கிரவுண்ட்ஹாக் சுடுவதும் பிடிப்பதும் என் தொழில். வளை தோண்டி வாழும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த மார்மட் என்ற கொறிப்பிராணிகளில் ஒரு வகை இது. வீட்டுத் தோட்டக்காரர்களும் கூப்பிடுவார்கள். அவரைப் பந்தலையும் வெண்டையையும் ஒரே காலையில் மொட்டையாக்கிவிட்டது என்று நம் ஊர்க்காரர்களும் பேசுவதுண்டு. யார் பேசினாலும் ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: "இது சாதாரண சைஸ் இல்லைங்க, 10 கிலோவுக்குக் குறையாது." பிடித்துத் தராசில் தொங்கவிட்டால் 4 கிலோ காட்டும்.

அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்தான் ஏமாற்றுகிறது. அடர்த்தியான முடி, குட்டைக் கால், மேயும்போது இரண்டு பக்கமும் பரந்து கிடக்கும் வயிறு. போதாததற்கு, புல்வெளியில் பக்கத்தில் வைத்து ஒப்பிட எதுவும் இருக்காது. வளர்ந்த கிரவுண்ட்ஹாக் மூக்கிலிருந்து வால் நுனி வரை பெரும்பாலும் 50 முதல் 65 செ.மீ. எடை 3 முதல் 5 கிலோ. 6 கிலோவைத் தொடுவது அபூர்வம். வேட்டைக்காரர்கள் பெருமையாகக் காட்டும் 'ராட்சத' படங்களில் பாதிக்குக் காரணம், பிராணியைக் கேமராவை நோக்கிக் கை நீட்டிப் பிடித்திருப்பதுதான்.

மீதிப் பாதிக்குக் காரணம் மாதம். எவ்வளவு பெரியது என்று யாராவது கேட்டால், எந்த மாதம் பார்த்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அக்டோபர், நவம்பரில் வளைக்குள் போய் உறங்கும் பிராணி பிப்ரவரி, மார்ச்சில் வெளியே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் இரை கிடையாது, சேர்த்து வைத்த கொழுப்புதான். எழுந்து வரும்போது உடம்பில் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கும். மார்ச்சில் 3 கிலோ இருந்த அதே பிராணி, குளோவர் என்ற தீவனப்புல்லும் சோயாவும் தின்று செப்டம்பரில் நாலரை கிலோ ஆகிவிடும். இரண்டையும் வேறு வேறு பிராணி என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அரை கிலோ முன்னே பின்னே இருந்தால் என்ன? சுடுகிறவருக்கு இது உயிர் விஷயம். தூரம் காட்டும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாமல், துப்பாக்கியின் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) உள்ள மில் புள்ளிகளை வைத்துத் தூரம் கணக்கிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மில் என்றால் 1000 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் உயரம். பிராணியின் உயரம் தெரிந்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். எழுந்து நிற்கும் பெரியது 45 செ.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பில் ஒன்றரை மில் தெரிந்தால் தூரம் 300 மீட்டர். ஆனால் ஜூனில் வரப்பில் நிற்பது அந்த வருடத்துக் குட்டியாக, 30 செ.மீ மட்டுமே இருந்தால்? உண்மையான தூரம் 200 மீட்டர். 300-க்கு ஏற்றிப் பிடித்த குண்டு தலைக்கு மேலே போய்விடும். குட்டி தப்பிப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்தக் குண்டு எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில், வரப்பின் உச்சியில் நிற்கும் எதையும் நான் சுடுவதில்லை, எத்தனை பெரியதாக இருந்தாலும்.

அமெரிக்காவின் மேற்கே போனால் கதை மாறும். அங்கே வேட்டைக்காரர்கள் 'ராக் சக்' என்று சொல்வது மஞ்சள் வயிற்று மார்மட், நம் கிரவுண்ட்ஹாக்கின் அளவேதான். கொலராடோவின் காதிக் பகுதியில் 1962 முதல் இவற்றைப் பிடித்து, எடை போட்டு, விட்டுவிட்டு வருகிறார்கள். குளிர்காலம் சுருங்கி, மேயும் நாட்கள் கூடியதால், வளர்ந்த பெண் மார்மட்டின் சராசரி எடை 3.1 கிலோவிலிருந்து 3.4 கிலோவாக ஏறியிருப்பதை 2010-இல் வெளியிட்டார்கள். முப்பது சொச்ச வருடத்தில் 300 கிராம்! தராசை விடாமல் பிடித்தவர்களுக்குத்தான் இது தெரியும்.

உண்மையிலேயே பெரிய மார்மட் பார்க்க வேண்டுமானால் அலாஸ்காவுக்கோ கனடா மலைகளுக்கோ போக வேண்டும். அங்குள்ள நரைமுடி மார்மட் இலையுதிர்காலத்தில் 10 கிலோ தொடும். விஸ்லர் மலைக்குப் பெயர் வந்ததே இது போடும் விசிலால்தான். வருடத்தில் ஏழெட்டு மாதம் உறங்க வேண்டியிருப்பதால் அவ்வளவு கொழுப்பு தேவைப்படுகிறது. ஆனால் பெரியதைத் தேடி மேற்கே போகிறவர்கள் முதலில் இனத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும். வான்கூவர் தீவு மார்மட் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டில் 30-க்கும் கீழே போய், கூண்டில் வளர்த்து விட்டுத்தான் மீண்டு வருகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் மார்மட்டும் வேட்டைக்கானது அல்ல.

உடம்பு அளவுக்கும் வெறிநோய்க்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. எலி, அணில் போன்றவற்றை வெறிபிடித்த ரக்கூன் கடித்தால் பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும், நோய் மேலே பரவாது. கிரவுண்ட்ஹாக் அந்தக் கடியைத் தாங்குகிற அளவுக்குப் பெரியது. தப்பித்து ஓடி, பிறகு நோயோடு திரியும். அமெரிக்காவில் வெறிநோய் உறுதியான கொறிப்பிராணிகளில் பெரும்பகுதி இதுதான். ஆகவே, பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு, ஆளைப் பார்த்தும் ஓடாமல் வருவதை 'கொழுத்துப்போய் நடக்க முடியவில்லை' என்று நினைத்துக் கிட்டே போகாதீர்கள். குழந்தைகளையும் நாயையும் உள்ளே கூட்டிக்கொண்டு மாவட்ட அதிகாரிகளைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கூண்டு வாங்கும்போதும் அந்தப் 10 கிலோ கற்பனை வேலை செய்கிறது. நாய் பிடிக்கிற கூண்டெல்லாம் வேண்டாம். சுமார் 32 அங்குல நீளம், 10-க்கு 12 அங்குல வாய் உள்ளது போதும். மே, ஜூனில் தாயைப் பிடித்தால் வளைக்குள் குட்டிகள் பட்டினி கிடக்கும், அந்த மாதங்களில் வேலி போட்டுச் சமாளியுங்கள். பிடித்ததைக் காரில் ஏற்றி வேறு ஊரில் விடுவது பல மாநிலங்களில் குற்றம், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இது பகலில் மட்டும் நடமாடும் பிராணி. பொழுது சாய்ந்ததும் கூண்டுக் கதவை மூடிவிடுங்கள். திறந்தே கிடந்தால் காலையில் உள்ளே நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க் உட்கார்ந்திருக்கும், அதை வெளியேற்ற நான் தனியாகக் காசு வாங்குவேன்.