‘எர்லி இன்டர்வென்ஷன்’: யார் தலையிடுகிறார்கள்?

போன மாதம் தங்கை மகனைக் காட்டுவதற்காகப் பெருந்துறைப் பக்கம் ஒரு மையத்துக்குப் போயிருந்தோம். பையனுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். முதல் வரியே ‘தங்கள் குழந்தைக்கு ஆரம்பகாலத் தலையீடு மிக அவசியம்’ என்றிருந்தது. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஏங்கண்ணு, ஆரு தலையிடறாங்களாமா? நம்மூட்டுச் சமாச்சாரத்துல இவங்க எதுக்குத் தலையிடணும்?” என்றார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது எத்தனையாவது தடவையோ.

எர்லி இன்டர்வென்ஷன் என்பதுதான் மூலம்; வளர்ச்சியில் பின்தங்கும் சின்னக் குழந்தைக்குக் காலத்தோடு கொடுக்கும் பயிற்சிக்கும் உதவிக்கும் அதுதான் பெயர். இன்டர் என்றால் லத்தீனில் ‘இடையே’, வெனீரே என்றால் ‘வருதல்’. இரண்டுக்கும் நடுவே வந்து நிற்பது. சண்டையில் நடுவே புகுவதும் அதுதான், நோயின் போக்கை மாற்றக் கைவைப்பதும் அதுதான். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. சரி, அது அவர்கள் பாடு.

தமிழில் தலையிடுவதற்கு ஒரே முகம்தான். அரசியல் தலையீடு, போலீஸ் தலையீடு, சம்பந்தி வீட்டார் தலையீடு. பாகப்பிரிவினையில் மூன்றாம் மனிதர் மூக்கை நுழைத்தால் அது தலையீடு. நீதிமன்றம் தலையிட்டு நியாயம் கிடைத்தது என்று எழுதுகிறோம், உண்மை. அங்கேயும் மேலே இருக்கும் அதிகாரம் ஒன்று கீழே இறங்கி வருகிறது, அவ்வளவுதான். பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்ற வெசனத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் தாயிடம் இந்தச் சொல்லைக் கொடுத்தால் அவளுக்கு என்ன கேட்கும்? ‘உனக்கு வளர்க்கத் தெரியவில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றுதான் கேட்கும். அந்தச் சேவையின் அடிப்படையோ இதற்கு நேர்மாறானது. வாரத்தில் இரண்டு மணி நேரம் மையத்தில் நடப்பதை மீதி நாளெல்லாம் வீட்டில் செய்யப்போகிறவள் அவள்தான். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதே பாதி வேலை.

தலையீடு உறுத்துகிறது என்று உணர்ந்த சிலர் ‘இடையீடு’ என்றார்கள். அரசுப் பலகைகளிலும் அது ஏறிவிட்டது. மூலத்துக்கு அச்சு அசலாக இருக்கிறதாம். இருக்கட்டும். ‘இடையீடின்றி மழை பெய்தது’ என்று எழுதுகிற மொழியில் இடையீடு என்றால் என்ன? தடங்கல்! பேச்சு வராத குழந்தைக்கு ஆரம்பத்திலேயே தடங்கல் செய்து தரும் மையம் என்று பலகை மாட்டியிருக்கிறோம். அகராதியைப் புரட்டாமல் மூலச்சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

‘பயிற்சி’ பரவாயில்லை. ஆரம்பநிலைப் பயிற்சி மையம் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் விளங்கும். ஆனால் அது பாதியைத்தான் சொல்கிறது. காதுக்கருவி பொருத்துவதும், பெற்றோருக்கு வழி சொல்வதும், உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் கைகாட்டுவதும் பயிற்சிக்குள் அடங்குமா? போதாக்குறைக்கு ‘ஐந்தில் வளையாதது’ பழமொழியைச் சுவரில் எழுதிவிடுகிறார்கள். பிள்ளையை யாரும் வளைக்கப் போவதில்லை.

அடுத்தது ‘ஆரம்பகாலம்’. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வடசொல் வேண்டாம் என்று தனித்தமிழ் அன்பர்கள் இதைத் ‘தொடக்கநிலை’ ஆக்கினார்கள். எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும். ஆனால் தொடக்கநிலை என்றதும் கொங்கில் மட்டுமா, எங்கேயும் தொடக்கப்பள்ளிதான் நினைவுக்கு வரும். ‘இஸ்கூல் சேர்த்தப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொல்லும் பெரியவர்களுக்கு அந்தப் பலகையே சாட்சியாகிவிடும். செவித்திறன் விஷயத்தில் உலகம் வைத்திருக்கும் கணக்கு 1-3-6: பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்கல். ஆறு மாதத்தில் பிள்ளை உட்காரவே தடுமாறும். அமெரிக்காவில் 1986ல் எர்லி இன்டர்வென்ஷனுக்குச் சட்டம் கொண்டுவந்தபோதே பிறந்ததிலிருந்து மூன்று வயதுக்குள் என்று வரம்பு வைத்தார்கள். நம் நாட்டில் 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டமும் பிறந்த குழந்தையிலிருந்தே பார்க்கச் சொல்கிறது. இங்கே ‘எர்லி’ என்பது வரிசையில் முதல் என்ற பொருளில் வரவில்லை, காலம் தப்புவதற்குள் என்ற பொருளில் வருகிறது. காலாகாலத்தில் என்கிறோமே, அது. ஆடிப்பட்டம் தவறினால் விதைப்பது வீண் என்று தெரிந்த ஊரில் இதைச் சொல்வதற்கா சொல் பஞ்சம்?

என் தெரிவு ‘முன்துணை’. முன்பணம், முன்பதிவு போல முன்துணை. “தொணைக்கு வாரேன்” என்று சொன்னால் கூடவே நடந்து வருகிறேன் என்று பொருள். தலைமேல் ஏறி உட்காருவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘பருவத்துணை’யும் யோசித்தேன், கல்யாணத் தரகர் விளம்பரம் போல இருந்ததால் விட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நண்பர், புணர்ச்சி விதிப்படி ‘முற்றுணை’ என்றுதான் எழுத வேண்டும் என்று அரை மணி நேரம் வாதாடினார். விதி அவர் பக்கம்தான். ஆனால் ‘முற்று’ என்று ஆரம்பிக்கும் சொல்லைப் படித்து எல்லாம் முடிந்துபோனது என்று நினைத்துக்கொண்டால்? விதியை இந்த ஒரு தடவை மடக்கி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ‘சப்போர்ட் சர்வீசஸ்’ என்பதற்கு எழுதும் ‘ஆதரவு சேவைகள்’. ஆதரவு என்றதும் ஆதரவற்றோர் இல்லம் ஞாபகம் வருகிறது. சேவை என்றால் கோவைப் பக்கம் தட்டில் வைத்துச் சாப்பிடுவது. ‘உதவிகள்’ என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி குறைந்துவிடுமா?

முன்துணை பிடிக்காதவர்கள் ஒரு வாக்கியமாகவே எழுதட்டும்: ‘பேச்சு, நடை, காது, பார்வை எதில் சந்தேகம் இருந்தாலும் பிள்ளையை இப்போதே கூட்டி வாருங்கள்.’ தாளில் இடமிருக்கிறது. அம்மா இப்போது அக்கம்பக்கத்தில் சொல்வது இன்னும் சுருக்கம்: “பையனைப் பேச்சுக்குக் கூட்டிப் போறோம்.”