பட்டாவில் '0 - 12.50' என்று இருந்தால் எத்தனை சென்ட்?

தமிழ்நாட்டில் நிலம் பேசுவதும் விற்பதும் ஏக்கர், சென்ட் கணக்கில். பட்டாவை இணையத்தில் எடுத்துப் பார்த்தாலோ இரண்டுமே இருக்காது. பரப்பு என்ற கட்டத்தில் 'ஹெக் - ஏர்' என்றும் அதன் கீழே '0 - 12.50' என்பது போல ஓர் எண்ணும் இருக்கும்.

நடுவில் உள்ள கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். 100 ஏர் சேர்ந்தால் 1 ஹெக்டேர். பலரும் இந்தக் கோட்டைத் தசமப் புள்ளி போலப் படித்துவிடுகிறார்கள். '0 - 8.50' என்பது எட்டரை ஏர், அதாவது 21 சென்ட். அதை 0.85 ஹெக்டேர் என்று படித்தால் இரண்டு ஏக்கருக்கு மேல் வந்துவிடும். நிலம் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கணக்கு எளிது. ஏரை 2.47 ஆல் பெருக்கினால் சென்ட். தலைப்பில் கேட்ட 12.50 ஏர் கிட்டத்தட்ட 31 சென்ட். ஒரு ஏக்கர் நிலம் பட்டாவில் 0 - 40.50 என்று வரும். ஹெக்டேர் என்றால் 2 ஏக்கர் 47 சென்ட்.

எண் மனதில் நிற்காவிட்டால் சதுரமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏர் என்பது பக்கத்துக்கு 10 மீட்டர், சுமார் 33 அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பக்கத்துக்கு 21 அடிக்குச் சற்றுக் குறைவு. ஏக்கர் பக்கத்துக்கு ஏறக்குறைய 209 அடி. வயல் எதுவும் சதுரமாக இருப்பதில்லை என்பது வேறு விஷயம். கண்ணளவுக்கு இது போதும், வரப்புத் தகராறுக்குப் போதாது.

சென்னைப் பக்கத்து கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். நகர நில அளவை ஆவணங்களில் சதுர மீட்டர்தான் இருக்கும். அங்கே ஒரு கிரவுண்ட் 223 சதுர மீட்டர். தஞ்சாவூர் பக்கம் இன்னமும் மா, வேலிதான் பேச்சில். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆனால் குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஆகவே 'நாலு மா' என்று வாய்க்கணக்கில் விலை பேசுவதைவிட, எத்தனை சென்ட் என்று கேட்டுவிடுவது நல்லது.

அரசு உதவிகளில் இந்தக் கணக்கு நேரடியாக உதவும். இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி, அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று இருந்தால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம். மற்றவர்களுக்கு 75 சதவீதம். பட்டாவில் '1 - 8.50' என்று இருந்தால் 108.50 ஏர், அதாவது 2 ஏக்கர் 68 சென்ட். அவர் சிறு விவசாயி. நிலம் பல சர்வே எண்களில் கிடந்தால் ஏரையெல்லாம் முதலில் கூட்டிக்கொண்டு, கடைசியில் ஒரே தடவை ஏக்கராக மாற்றுங்கள். தனித்தனியாக மாற்றிக் கூட்டினால் சில்லறை இடிக்கும்.

கூட்டுப் பட்டா என்றால் அதில் தெரிவது எல்லோருக்கும் சேர்த்த பரப்பு. உங்கள் பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்தில்தான் பார்க்க வேண்டும். பழைய பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்றே எழுதியிருப்பார்கள். மாற்றிப் பார்க்கும்போது அரை சென்ட், ஒரு சென்ட் வித்தியாசம் வந்தால் அது பெரும்பாலும் முழுமையாக்கியதில் வந்தது. ஐந்து, பத்து சென்ட் இடித்தால், விலை பேசுவதற்கு முன் கட்டணம் கட்டி சர்வேயரை வரவழைத்து, புலப்படத்தை (அந்த சர்வே எண்ணின் எல்லை அளவுகள் உள்ள வரைபடம்) வைத்து அளந்து பார்த்துவிடுங்கள். இதற்கு இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம்.