இடைக்கால ஐரோப்பிய இசை: சிறு குழுவாக வாசிக்கத் தொடங்குவோர் கவனத்திற்கு

இடைக்கால ஐரோப்பிய இசையை மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாசிக்கக் கற்றுக்கொள்ள வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தெந்தக் கருவிகளை வாங்க வேண்டும் என்பதுதான். அக்காலச் சுவடிகள் அதற்கு நேரடியாக விடை தருவதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் இன்றைய ஸ்பெயினிலிருந்த காஸ்டில் நாட்டு அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவின் அவையில் தொகுக்கப்பட்ட 400-க்கும் மேற்பட்ட மரியன்னைப் பாடல்களில், எதை எந்தக் கருவியில் வாசிப்பது என்ற குறிப்பு இல்லை. அவற்றின் சுவடி ஒன்றிலுள்ள ஓவியங்களிலும் கலைஞர்கள் பெரும்பாலும் இருவர் இருவராகவே காட்சி தருகிறார்கள். ஆனால் இன்றைய குழுக்களோ எந்தப் பாடலானாலும் பறையையும் ஓயாத சுருதியையும் சேர்த்துவிடுகின்றன. சுவடியின் மௌனத்தை இப்படி எதற்கும் அனுமதியாகக் கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

பிற்கால இடைக்காலத்தில் கருவிகளை உரத்தவை, மெல்லியவை என்று பிரித்தே பயன்படுத்தினர். ஷாம் என்னும் துளைக்கருவியும் எக்காளமும் உரத்த வகை. வில்லால் மீட்டும் வியல், யாழ், லூட் என்னும் நரம்புக்கருவி ஆகியவை மெல்லிய வகை. இவ்விரண்டையும் கலப்பது நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் வீணையை அமர்த்துவது போலாகும்.

இதைவிட முக்கியமானது சுருதி சேர்ப்பது. அக்கால இசைக்கோட்பாடு பஞ்சமத்தை ஸட்ஜத்தோடு 3:2 என்ற தூய அதிர்வெண் விகிதத்தில் வைத்தது. பஞ்சமங்களை அடுக்கியே மற்ற ஸ்வரங்களைப் பெற்றதால், பெரிய காந்தாரம் 5:4 என்று அமையாமல் 81:64 என்று சற்றே உயர்ந்து நிற்கும். பிற்கால இசையில் பழகிய காது அதைத் தவறென்று எண்ணிக் கீழே இறக்கப் பார்க்கும், இறக்கக் கூடாது. அந்த உறுத்தலே அடுத்து வரும் பஞ்சமத்தையும் மேல் ஸட்ஜத்தையும் தேட வைக்கிறது, பாடலின் முடிப்புகளுக்கு விசை தருகிறது. ஆகவே ட்யூனர் செயலியில் ஒரு ஸ்வரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பஞ்சமம் பஞ்சமமாகக் காதால் சேர்ப்பதே நல்லது.

தொடக்கத்திற்கு ஒற்றை இசைவரி கொண்ட எஸ்தாம்பி நடன இசை போதும். அதன் ஒவ்வொரு பகுதியும் இருமுறை வரும். முதன்முறை நிறைவுறாமல் நிற்கும், மறுமுறை முழுமையாக முடியும். அந்த வேறுபாட்டை எல்லோரும் ஒன்றாக உணர்ந்து வாசிக்கும்வரை மூன்று குரல் இசைக்குப் போக வேண்டாம்.

அதன் பிறகு 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாடல்களுக்குச் செல்லலாம். அவற்றின் மேற்குரலும் டெனார் என்னும் அடிப்படைக் குரலும் பெரும்பாலும் தமக்குள்ளேயே நிறைவானவை என்பதால், அவ்விருவரும் முதலில் தனியாகப் பயில வேண்டும். மூன்றாம் குரலான கான்ட்ராடெனாரை வாசிப்பவர் அதுவரை கேட்டுக்கொண்டிருக்கலாம்.