ஸ்மார்ட்போன் நிறுவனப் பங்குகள்: விற்பனைப் பட்டியலைப் பார்த்து வாங்கும் முன்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை உலக ஸ்மார்ட்போன் விற்பனைப் பட்டியல் வெளியாகிறது. யார் முதலிடம், யார் யாரை முந்தினார்கள் என்று செய்தி பரவுகிறது. முந்திய நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்ற கேள்வி அன்றே வந்துவிடும். அந்தப் பட்டியலில் இருப்பது எத்தனை போன் அனுப்பப்பட்டது என்ற கணக்கு மட்டும்தான். ஒவ்வொரு போனிலும் நிறுவனத்துக்கு என்ன மிஞ்சியது என்பதை அது சொல்லாது. போட்டி முற்றும்போது இந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிதாகும். காரணம் எளிது: எண்ணிக்கையைக் கூட்ட விரைவான வழி விலையைக் குறைப்பது.

இந்தச் சந்தை இப்போது பெரிதாக வளரவும் இல்லை. ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2016ல் உலகம் முழுக்க சுமார் 147 கோடி ஸ்மார்ட்போன்கள் அனுப்பப்பட்டன. 2023ல் அது சுமார் 117 கோடியாகச் சரிந்து, 2024ல் 124 கோடி அளவுக்குத் திரும்பியது. மக்கள் ஒரு போனைக் கூடுதல் காலம் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒருவர் விற்கும் கூடுதல் போன் பெரும்பாலும் இன்னொருவரிடமிருந்து பறித்ததாகவே இருக்கும். பறிக்க விளம்பரம், தள்ளுபடி, பழைய போனுக்குக் கூடுதல் விலை, கடைக்காரருக்குக் கூடுதல் கமிஷன் என்று செலவு ஏறும்.

அடுத்து, பட்டியலில் உள்ள எல்லோருடைய பங்கையும் வாங்க முடியாது. ஹுவாவே, ஓப்போ, விவோ மூன்றும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதவை. வாங்கக் கிடைப்பவற்றில்கூடப் பெரும்பாலும் போன் தொழிலை மட்டும் தனியாக வாங்க முடிவதில்லை. மோட்டோரோலா வேண்டும் என்றால் லெனோவோவை வாங்க வேண்டும்; அது முதன்மையாகக் கணினி நிறுவனம். கூகுளின் பிக்சலை நம்பி ஆல்ஃபபெட் பங்கை வாங்கினால், கையில் வருவது தேடல் விளம்பரத் தொழில். டெக்னோ, இன்ஃபினிக்ஸ், ஐடெல் பிராண்டுகளின் டிரான்ஷன் 2019ல் ஷாங்காய் ஸ்டார் சந்தையில் பட்டியலானது. போன் தொழிலுக்கு மிக நெருக்கமான பங்கு என்றால் அதைச் சொல்லலாம்.

சாம்சங் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2023ல் அதன் மொபைல் மற்றும் நெட்வொர்க் பிரிவு சுமார் 13 லட்சம் கோடி வோன் செயல்பாட்டு லாபம் ஈட்டியது. அதே ஆண்டு சிப் பிரிவு 14.9 லட்சம் கோடி வோன் அளவுக்கு நட்டம் காட்டியது. நிறுவனத்தின் மொத்தச் செயல்பாட்டு லாபம் முந்தைய ஆண்டின் 43 லட்சம் கோடி வோனிலிருந்து 6.6 லட்சம் கோடி வோனுக்கு இறங்கியது. கேலக்ஸி நன்றாக விற்கிறது என்று மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இந்தச் சரிவு புரிந்திருக்காது. இந்தப் பங்கின் போக்கை மெமரி சிப் விலையே அதிகம் தீர்மானிக்கிறது.

ஷாவ்மியின் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 2024ல் அது சுமார் 16.85 கோடி போன்களை அனுப்பியது. போன் வருமானம் 191.8 பில்லியன் யுவான். அதாவது ஒரு போனுக்குச் சராசரியாக 1,138 யுவான். போன் பிரிவின் மொத்த லாப விகிதம், அதாவது விற்ற தொகையில் பொருளின் அடக்கச் செலவு போக மிஞ்சும் பங்கு, 12.6 சதவீதம். ஆக ஒரு போனில் சுமார் 143 யுவான்தான் நின்றது. அதிலிருந்தே ஆய்வு, விளம்பரம், நிர்வாகம் எல்லாவற்றுக்கும் செலவழிக்க வேண்டும். அதே ஆண்டு விளம்பரம், கேம், செயலிகள் அடங்கிய இணையச் சேவை வருமானம் 34.1 பில்லியன் யுவான், போன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அதன் மொத்த லாப விகிதம் 76.6 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் போனில் கிடைத்த மொத்த லாபம் சுமார் 24 பில்லியன், இணையச் சேவையில் 26 பில்லியன். போனை ஏறத்தாழ அடக்க விலைக்கு விற்று, அதன் வழியாக உள்ளே வரும் பயனரிடம் சம்பாதிக்கும் தொழில் இது. அதனால் ஷாவ்மியில் போன் எண்ணிக்கையோடு மாதாந்திரப் பயனர் எண்ணிக்கையையும் பயனர் ஒருவருக்கான வருமானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் விற்பனைக்கு வந்த கார் வேறு இப்போது அந்தப் பங்கின் விலையில் பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது.

ஆப்பிளிலும் இதே பாடம், வேறு உயரத்தில். 2024 நிதியாண்டில் 391 பில்லியன் டாலர் வருமானத்தில் ஐபோன் 201 பில்லியன். பொருள் விற்பனையின் மொத்த லாப விகிதம் சுமார் 37 சதவீதம், சேவைகளில் சுமார் 74. எத்தனை ஐபோன் விற்றது என்று சொல்வதை ஆப்பிள் 2018 நவம்பரிலேயே நிறுத்திவிட்டது. அதன் பிறகு வெளியாகும் எண்ணிக்கை எல்லாம் ஆய்வு நிறுவனங்களின் மதிப்பீடுதான்.

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருவோம்: சரக்கு. 'அனுப்பியது' என்றால் ஆலையிலிருந்து விநியோகஸ்தருக்கோ தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கோ போனது. வாடிக்கையாளர் வாங்கினாரா என்பது தனிக் கேள்வி. பிளாக்பெரி 2013 ஜனவரியில் இசட்10 போனை அறிமுகப்படுத்தியது. ஜூன் 1ல் முடிந்த காலாண்டில் 68 லட்சம் போன்களை அனுப்பியதாக அறிவித்தது. அவற்றில் சுமார் 27 லட்சம் இசட்10 உள்ளிட்ட புதிய வகை. வாசிக்க நன்றாக இருந்த எண். அடுத்த காலாண்டிலேயே விற்காத சரக்குக்கும் உதிரிபாக ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து 934 மில்லியன் டாலரை நட்டமாக எழுத வேண்டி வந்தது. நிகர நட்டம் 965 மில்லியன். போன்கள் ஏற்கெனவே கடைகளில் தேங்கிக் கிடந்தன. அனுப்பிய கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அது மூன்று மாதம் தாமதமாகத் தெரிந்தது.

இதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க ஒரு கணக்கு போதும். காலாண்டு அறிக்கையின் இருப்புநிலைக் குறிப்பில் 'சரக்கு இருப்பு' என்ற தொகையை எடுங்கள். லாப நட்டக் கணக்கில் 'விற்ற பொருளின் அடக்கச் செலவு' இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 90ஆல் பெருக்கினால், எத்தனை நாள் சரக்கு கையில் இருக்கிறது என்பது கிடைக்கும். அடக்கம் 900 கோடி, சரக்கு 300 கோடி என்றால் 30 நாள். அடக்கம் 1,000 கோடியாகவும் சரக்கு 500 கோடியாகவும் மாறினால் 45 நாள். விற்பனை உயர்ந்ததுபோலத் தெரியும். உண்மையில் சரக்கு அதைவிட வேகமாகக் குவிகிறது. புதிய மாடல் வெளியாகும் முன் சரக்கு ஏறுவது இயல்பு. அதனால் முந்தைய காலாண்டோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். ஷாவ்மி போலப் பல பொருள் விற்கும் நிறுவனத்தில் இந்த எண் எல்லாத் தொழில்களையும் கலந்தே காட்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். நிறுவனத்தின் கிடங்கில் உள்ளதை மட்டும்தான் இது காட்டும். விநியோகஸ்தரிடம் தேங்கியது வரவேண்டிய பாக்கியில் தெரியும். விற்பனை 10 சதவீதம் ஏறி, பாக்கி 35 சதவீதம் ஏறினால், கடனுக்குச் சரக்கைத் தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம். உதிரிபாகம் வாங்க ஒப்புக்கொண்ட தொகை அறிக்கையின் பின்குறிப்புகளில் இருக்கும். பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. பிளாக்பெரி எழுதிய நட்டத்தில் அதுவும் ஒரு பகுதி.

போட்டி நிறுவனங்கள் இரண்டு மூன்றை வாங்கி வைத்தால் ஆபத்து பரவிவிடும் என்று நினைப்பது பாதி உண்மை. மக்கள் போன் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடி விழும். 2019 ஜனவரி 2ல் ஆப்பிள் தன் காலாண்டு வருமான மதிப்பீட்டை 89–93 பில்லியனிலிருந்து 84 பில்லியன் டாலராகக் குறைத்தது. சீனாவில் தேவை குறைந்ததையும், பலர் புதிய போன் வாங்காமல் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டதையும் காரணங்களில் சொன்னது. மறுநாள் பங்கு சுமார் 10 சதவீதம் விழுந்தது; அதற்கு உதிரிபாகம் தருபவர்களின் பங்குகளும் சேர்ந்து விழுந்தன. மெமரி விலை மட்டும் எதிரெதிராக வேலை செய்யும். அது ஏறினால், குறைந்த லாபத்தில் போன் விற்பவருக்கு நெருக்கடி. மெமரி தயாரிக்கும் சாம்சங்குக்கு வருமானம்.

யார் ஜெயித்தாலும் உதிரிபாகம் தருபவருக்கு லாபம் என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தாது. ஐபோனுக்கு கிராஃபிக்ஸ் தொழில்நுட்பம் தந்த பிரிட்டன் நிறுவனம் இமேஜினேஷன் டெக்னாலஜீஸ் தன் வருமானத்தில் பாதியை ஆப்பிளிடமிருந்து பெற்றுவந்தது. இனி உங்கள் கிராஃபிக்ஸ் தொழில்நுட்பம் வேண்டாம் என்று ஆப்பிள் சொன்ன செய்தி 2017 ஏப்ரலில் வெளியானதும் பங்கு ஒரே நாளில் 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. உதிரிபாக நிறுவனப் பங்கு என்றால் ஆண்டறிக்கையில் 'வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தரும் வாடிக்கையாளர்கள்' என்ற பகுதியை முதலில் படியுங்கள். ஒருவரே 30 சதவீதத்தைத் தாண்டினால் எங்கள் கணிப்பில் அது தனி ஆபத்து. அதற்கேற்ப முதலீட்டைக் குறைப்பது நல்லது.

அரசியல் முடிவுகளைக் கணக்குப் பார்த்துப் பிடிக்க முடியாது. 2021 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஷாவ்மியைத் தன் தடைப் பட்டியலில் சேர்த்தபோது பங்கு ஒரே நாளில் சுமார் 10 சதவீதம் இறங்கியது. மே மாதம் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இதற்கு முதலீட்டின் அளவு ஒன்றே பாதுகாப்பு. எந்த ஒரு போன் நிறுவனத்திலும் மொத்தப் பங்கு முதலீட்டில் 5 சதவீதத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. போன் தொழிலைச் சார்ந்த எல்லாமும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இந்தப் பங்குகள் டாலர், வோன், ஹாங்காங் டாலர், யுவான் என வெவ்வேறு நாணயங்களில் வர்த்தகமாகின்றன. பங்கு 8 சதவீதம் ஏறி நாணயம் 8 சதவீதம் இறங்கினால் கையில் எதுவும் மிஞ்சாது.

எப்போது விற்பது என்பதை வாங்கும் அன்றே எழுதி வையுங்கள். அனுப்பிய எண்ணிக்கை ஏறியும் மொத்த லாப விகிதம் இரண்டு காலாண்டு தொடர்ந்து இறங்கினால் பாதியைக் குறைப்பது, சரக்கு நாள் சென்ற ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடினால் புதிதாக வாங்குவதை நிறுத்துவது போல, எண்ணில் அளக்கக்கூடிய நிபந்தனையாக அது இருக்க வேண்டும். தைவான் போன் நிறுவனமான எச்டிசியின் பங்கு 2011 ஏப்ரலில் 1,300 தைவான் டாலரைத் தொட்டது. 2013ல் நிறுவனம் முதல் காலாண்டு நட்டத்தை அறிவிக்கும் முன்பே விலை பெரும்பகுதி கரைந்திருந்தது. 'மறுபடி அந்த விலை வரும்' என்று காத்திருந்தவர்கள் 2015ல் அதை 60 தைவான் டாலருக்கும் கீழே பார்த்தார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பட்டியலிடப்படாத பெரிய போன் நிறுவனத்தின் பங்கை 'சந்தைக்கு வரும் முன் மலிவாக' தருகிறோம் என்று சாட் குழுக்களில் யாராவது சொன்னால் பணம் அனுப்பாதீர்கள். ஹுவாவேயின் பங்குரிமை ஊழியர் சங்கத்தின் வழியாக ஊழியர்களிடமே இருக்கிறது, வெளியாருக்கு விற்கப்படுவதில்லை. தனியார் வங்கிக் கணக்குக்கோ கிரிப்டோ முகவரிக்கோ பணம் கேட்டால், பங்குக்குப் பதிலாக 'ஒதுக்கீட்டுச் சான்றிதழ்' என்று பிடிஎஃப் அனுப்பினால், உரையாடலை அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு உங்கள் வங்கிக்கும் காவல்துறையின் சைபர் பிரிவுக்கும் உடனே தெரிவியுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் சொல்லும்போதுதான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம்.